பால்மியேரியின் பியானோ ஏன் ஒரே இடத்தில் சுற்றுகிறது?

எடி பால்மியேரியின் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடைசி வரிகள்தான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். "அவர் இறந்தபோது லத்தீன் ஜாஸ் பியானோ மேதை என்று எல்லோரும் எழுதினார்கள். மூன்று ஆல்பம் கேட்டேன். ஆட்டப் பாட்டாகத்தான் இருக்கிறது. பியானோக்காரர் ஐந்து நிமிடம் அதே நாலு நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். இதில் ஜாஸ் எங்கே, மேதைமை எங்கே?" நானும் ஒருகாலத்தில் இதையே, இதைவிட மோசமான வார்த்தைகளில் கேட்டவன்தான். அதனால் அந்த நாலு நோட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்புவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்ய வசதியாக என்னைப் பற்றிக் கொஞ்சம். மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்துவிட்டு, பிறகு சொகுசுக் கப்பல்களில் எட்டு வருடம் பியானோ வாசித்தேன். கரீபியன் பக்கம் போகும் கப்பலில் வாரத்தில் இரண்டு ராத்திரி சல்சா என்ற லத்தீன் ஆட்டம் இருக்கும். இந்த இசையை நான் கற்றது அங்கேதான், பெரும்பாலும் திட்டு வாங்கி. ஸ்பானிஷ் எனக்கு மேடையில் சமாளிக்கிற அளவுதான் தெரியும். பாட்டு வரிகளின் நயத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை. ஆடவும் வராது. விரல், தாளம், குழு நடத்துவது, இவை பற்றித்தான் பேச முடியும்.

முதல் வாரமே ஒத்திகையில் காங்கா என்ற நெட்டை முரசை வாசித்த கொலம்பியாக்காரர் என்னை நிறுத்தினார். நான் வாசித்த நோட்டில் தப்பில்லை, வேகமும் சரி, கார்டும், அதாவது சேர்த்து ஒலிக்கும் சுரக் கூட்டும், சரி. "திருப்பிப் போட்டிருக்கிறாய்" என்றார். எதை என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கையைத் தட்டிக் காட்டினார். நீங்களும் தட்டிப் பாருங்கள்: ஒன்றிலிருந்து பதினாறு வரை சீராக எண்ணிக்கொண்டே 1, 4, 7, 11, 13 ஆகிய எண்களில் மட்டும் தட்டுங்கள். முதல் எட்டில் மூன்று தட்டு, அடுத்த எட்டில் இரண்டு. இதற்குப் பெயர் கிளாவே. நம் ஆதி தாளத்தைக் கையில் போடும்போது சமத்தில் வந்து சேர்ந்தோமா என்பதுதான் கணக்கு. கிளாவேயில் அப்படி வந்து உட்காரும் இடம் கிடையாது. மூன்று தட்டு விழும் பாதி இழுக்கும், இரண்டு தட்டு விழும் பாதி விடும். பாட்டு எந்தப் பாதியிலிருந்தும் தொடங்கலாம், ஆனால் தொடங்கிய பிறகு யாரும் அதை மீறக் கூடாது. பல பாட்டுகளில் இதை வெளியே யாரும் தட்டுவதுகூட இல்லை. இருந்தாலும் மேடையில் உள்ள அத்தனை பேரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள்.

நீங்கள் சொன்ன "நாலு நோட்டு" அதன் மேல்தான் ஓடுகிறது. அதை மொண்டூனோ என்பார்கள். பொதுவாக அது ஒரு பாதியில் தாளத்தின் மேல் விழும், மறு பாதியில் தாளத்துக்கு இடையில் விழும். பேஸ், அதாவது அடிச்சுர வாத்தியம், முதல் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அடுத்த கார்டை அது வருவதற்கு முன்பே போய்த் தொட்டுவிடும். கியூபாவில் இந்தப் பியானோ வேலை முதலில் த்ரெஸ் என்ற சிறு கிதாருடையது. 1940 வாக்கில் த்ரெஸ் கலைஞர் ஆர்செனியோ ரோட்ரிகஸ் தன் குழுவில் பியானோவையும் காங்காவையும் கூடுதல் டிரம்பெட்டுகளையும் சேர்த்தார். அன்று முதல் இந்த இசையில் பியானோ பாதி மத்தளம். நான் கப்பலில் இரண்டு பாதிகளை மாற்றிப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். நோட்டெல்லாம் சரி, விழுந்த இடமெல்லாம் தப்பு. அடுத்த மூன்று மாதம் அந்த நாலு நோட்டைத்தான் பழகினேன். ஐந்து நிமிடம் அதைக் கனம் குறையாமல், வேகம் கூடாமல் பிடித்து வைப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது ஆளுக்கு வருவோம். பால்மியேரி 1936 டிசம்பர் 15 அன்று நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் பிறந்தார். பெற்றோர் போர்ட்டோ ரிக்கோவின் பொன்ஸே நகரிலிருந்து வந்தவர்கள். வளர்ந்தது சவுத் பிராங்ஸில். அப்பாவின் சிற்றுண்டிக் கடைக்கு "எல் மம்போ" என்று பெயர். அங்கே ஜூக்பாக்ஸில் எந்த இசைத்தட்டு ஓட வேண்டும் என்பது எடியின் பொறுப்பு. ஒன்பது வயது மூத்த அண்ணன் சார்லி அதற்குள் பியானோவில் பேர் எடுத்துக்கொண்டிருந்தார். எடியும் சிறு வயதிலேயே பியானோ படித்தார். மார்கரெட் பாண்ட்ஸ் என்ற கறுப்பின இசையமைப்பாளரிடம் மேற்கத்திய சாஸ்திரிய இசை கற்றார். ஆனால் 13 வயதில் அதை ஓரம் வைத்துவிட்டு உறவினர் ஒருவரின் குழுவில் டிம்பாலெஸ் வாசிக்கப் போனார். குச்சியால் அடிக்கும் அந்த இரட்டை உலோக முரசையும் தாங்கிகளையும் கச்சேரிக்குக் கச்சேரி தூக்கிச் சுமக்க வேண்டும். "உன் அண்ணன் எதையும் தூக்காமல் எவ்வளவு அழகாகக் கச்சேரிக்குப் போகிறான் பார்" என்ற பொருளில் அம்மா சொன்னதை அவர் பேட்டிகளில் சிரித்துக்கொண்டே நினைவுகூர்வார். இரண்டு வருடத்தில் பியானோவுக்குத் திரும்பிவிட்டார். கை மட்டும் திரும்பவில்லை. தாளம் அடிக்க முடியாமல் போன ஏக்கத்தைப் பியானோ மேல் காட்டுகிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பியானோ கட்டைகளை உடைப்பவர் என்ற பொருளில் "ரொம்பேதெக்லாஸ்" என்பது சக கலைஞர்கள் வைத்த பட்டப்பெயர். மேடையில் முழங்கையையும் முஷ்டியையும் கட்டைமேல் இறக்குவார். வாசிக்கும்போது தொண்டையிலிருந்து ஓர் உறுமல் வரும், ஒலிப்பதிவுகளிலேயே கேட்கும். என் பழைய பியானோ வாத்தியார் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்.

1955-இல் ஜானி செகியின் குழு, பிறகு விசென்டிகோ வால்டெஸ், 1958 முதல் 1960 வரை டிட்டோ ரோட்ரிகஸ் என்று சம்பளத்துக்கு வாசித்தார். அந்தக் காலத்து நியூயார்க்கில் லத்தீன் இசைக்குத் தலைமையிடம் பிராட்வேயும் 53-ஆம் தெருவும் சேரும் முனையில் இருந்த பல்லேடியம் நடனக்கூடம். மச்சீட்டோ, டிட்டோ புவென்டே, டிட்டோ ரோட்ரிகஸ் மூவரின் பெரிய குழுக்களும் அங்கேதான் மோதிக்கொள்ளும். ஆடுபவர்களில் கறுப்பர், போர்ட்டோ ரிக்கர், யூதர், இத்தாலியர் என்று எல்லோரும் உண்டு, எல்லோரும் தேர்ந்த ஆட்டக்காரர்கள். குழு தொய்ந்தால் தளத்தைவிட்டு இறங்கிவிடுவார்கள். பால்மியேரியின் உண்மையான பள்ளிக்கூடம் இந்தக் கூட்டம்தான் என்பது என் கருத்து. பத்திரிகை விமர்சகர்களைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, ஆடுபவனின் காலைப் பற்றிக் கடைசி வரை கவலைப்பட்டார்.

1961-இல் "லா பெர்ஃபெக்டா" என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். அந்த வருடம் ஜனவரியில் அமெரிக்கா கியூபாவுடன் உறவை முறித்துக்கொண்டது, மறு வருடம் வணிகத் தடையும் வந்தது. ஹவானாவிலிருந்து புதுத் தட்டுகளும் கலைஞர்களும் வருவது அடைபட்டுப் போய், நியூயார்க்காரர்கள் கைவசம் இருந்ததை வைத்துத் தாங்களே சமைக்க வேண்டிய நிலை. அப்போது ஊரெல்லாம் சரங்கா மோகம்: மரப் புல்லாங்குழலும் வயலின்களும் சேர்ந்த மென்மையான குழு. அண்ணன் சார்லியும் ஜானி பச்சேகோவும் அதைக் கிளப்பிவிட்டவர்களில் முக்கியமானவர்கள். எடி அந்தப் புல்லாங்குழலை வைத்துக்கொண்டு, வயலின்களைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இரண்டு டிராம்போன்களை, அதாவது குழாயை இழுத்து இழுத்து ஊதும் பித்தளை வாத்தியங்களை, போட்டார். இரண்டையும் ஊதியவர்கள் பிராங்ஸைச் சேர்ந்த யூதரான பேரி ராஜர்ஸும் பிரேசில்காரரான ஜோசே ரோட்ரிகஸும். டிரம்பெட் தலைக்கு மேல் கூவும், டிராம்போன் நெஞ்சில் இடிக்கும். நிறையப் பேர் ஊதும் பெரிய குழுவுக்கு எதிரே இந்தச் சின்னக் குழு நின்று தாக்குப்பிடித்ததற்கு அந்த இடிதான் காரணம். சார்லி இதற்கு "டிராம்பாங்கா" என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "டிராம்போன் குழுவைக் கண்டுபிடித்தவர் பால்மியேரி" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சமயத்தில் போர்ட்டோ ரிக்கோ பாடகர் மோன் ரிவேராவும் டிராம்போன்களை முன்னிறுத்தி ஒலிப்பதிவு செய்தார், அதிலும் பேரி ராஜர்ஸ் இருக்கிறார். யார் முதல் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. உறுதியாகச் சொல்ல முடிந்தது இதுதான்: அந்த ஒலியை ஒரு நிரந்தரக் குழுவின் முகமாக்கி, ராத்திரிக்கு ராத்திரி மேடையில் நிறுத்தியவர் பால்மியேரி. 1967-இல் தன் முதல் ஆல்பத்தோடு வந்த வில்லி கோலோன் முதல் பின்னால் வந்த பலர் அந்த வழியில் நடந்தார்கள். அவருடைய இசை அமைப்பில் பேரி ராஜர்ஸுக்கு உள்ள பங்கு பெரும்பாலான கட்டுரைகளில் சொல்வதைவிடப் பெரிது என்பது என் அபிப்பிராயம். டிம்பாலெஸ் வாசித்த மானி ஓகெண்டோவும் அப்படியே. பழைய கியூபத் தட்டுகளை எடிக்கு அறிமுகப்படுத்தி, அவற்றின் கட்டுமானத்தைக் காட்டிக்கொடுத்தவர் அவர். குழுத் தலைவராக எடியின் முதல் திறமை, தன்னைவிட விஷயம் தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டது.

1965-இல் வந்த "அசூகார் பா தி" ஆல்பத்தில் "அசூகார்" என்று ஒரு பாட்டு இருக்கிறது. அன்றைய வானொலி மூன்று நிமிடப் பாட்டைத்தான் போடும். இது ஒன்பது நிமிடத்தைத் தொடுகிறது. பல்லேடியத்தில் ஆடுபவர்களின் முன்னால் வாசித்து வாசித்து நீண்ட பாட்டு அது, சுருக்க மனம் வரவில்லை. நடுவில் பியானோ தனியாக வரும் இடத்தைக் கவனியுங்கள். இடது கை மொண்டூனோவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, வலது கை மட்டும் தாளத்துக்கு எதிராகப் பேசிக்கொண்டு போகும். உங்களுக்கு அலுப்பூட்டிய அந்தத் திரும்பத் திரும்ப வருவதுதான் இங்கே தரை. தரை ஆடாமல் இருப்பதால்தான் மேலே அவ்வளவு துணிச்சலாகக் குதிக்க முடிகிறது. முயன்று பார்த்திருக்கிறேன், பத்தாவது சுற்றில் என் இடது கை வலது கையின் பின்னால் ஓடிவிடும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டின் 2009-ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்த ஆல்பத்தைச் சேர்த்தது.

பல்லேடியம் 1966-இல் மூடியது. லா பெர்ஃபெக்டாவும் 1968-இல் கலைந்தது, பணம் கட்டுப்படியாகவில்லை. அதே வருடம் கச்சாவ் பேஸ் வாசிக்க, சேயோ ஃபெலிசியானோ பாட, "சாம்பெய்ன்" ஆல்பம் செய்தார். இந்தக் காலத்தில் அவர் பாப் பியாங்கோ என்ற கிதார் ஆசிரியரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் ஷிலிங்கர் முறை என்ற கணிதம் சார்ந்த இசையமைப்பு முறையைக் கற்றார், கூடவே ஹென்றி ஜார்ஜ் என்ற பொருளாதாரச் சிந்தனையாளரின் நிலவரிப் பொருளாதாரத்தையும். ஒரு நடனக் குழுத் தலைவர் பொருளாதாரம் படித்தால் என்ன ஆகும்? 1969-இல் "ஹுஸ்தீசியா", அதாவது நீதி என்ற ஆல்பம் வந்தது. 1971-இல் "ஹார்லெம் ரிவர் டிரைவ்" வந்தது. அது ஹார்லெம் ஓரமாகவே போகும், ஹார்லெமைக் கண்ணில் காட்டாத ஒரு விரைவுச் சாலையின் பெயர். அதில் பெர்னார்ட் பர்டி, கார்னெல் டூப்ரி போன்ற, சோல் என்ற கறுப்பின மெல்லிசையின் கலைஞர்களையும் தன் லத்தீன் ஆட்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். தட்டு அப்போது விற்கவில்லை. 1972-இல் அந்தக் கூட்டணியோடு சிங் சிங் சிறைக்குள் போய்க் கைதிகளுக்கு வாசித்தார். அட்டிகா சிறைக் கலவரம் நடந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும். ஒலித் தரம் சுமார்தான். கூட்டத்தின் சத்தம் சுமார் அல்ல.

விருதுகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் குழப்பம் அதிகம் இதில்தான். அமெரிக்க இசைத் துறையின் கிராமி விருது 1976 விழாவில் முதல்முறையாக லத்தீன் இசைக்குத் தனிப் பிரிவு வைத்தது, அந்த முதல் விருது பால்மியேரியின் "தி சன் ஆஃப் லத்தீன் மியூசிக்" ஆல்பத்துக்கு. அதில் பாடிய லாலோ ரோட்ரிகஸ் அப்போது பதின்வயதுப் பையன். அடுத்த வருடமும் அவருக்கே விருது. அந்த ஆல்பம் முடியவில்லை, வெளியிட வேண்டாம் என்று அவர் சொல்லியும் கம்பெனி வெளியிட்டது. அதனால்தான் அதன் பெயரிலேயே "முடிவுறாத" என்று இருக்கிறது. 1980-களில் மூன்று, 2000-க்குப் பிறகு மூன்று என்று கிராமி மட்டும் எட்டு. சில இடங்களில் பத்து என்று பார்ப்பீர்கள், அது 2000-இல் தொடங்கிய லத்தீன் கிராமி என்ற தனி விருதையும் சேர்த்த கணக்கு. 2013-இல் அமெரிக்க அரசின் கலை அமைப்பு ஜாஸ் மாஸ்டர் பட்டம் கொடுத்தது. இவ்வளவு விருது வாங்கியவர் பணக்காரராக இருந்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். 1978-இல் பெரிய கம்பெனி ஒன்று தாராளமாகச் செலவழித்து எடுத்த "லுகுமி, மகும்பா, வூடு" விற்பனையில் படுத்துவிட்டது. 1988-இல் அண்ணன் சார்லியும் இறந்துபோனார்.

இனி "ஜாஸ் எங்கே" என்பதற்கு வருகிறேன். கண்டிப்பான பொருளில் கேட்டால், பாடகர் இல்லாத, ஜாஸ் என்றே பெயர் ஒட்டிய குழுவை அவர் முழுமூச்சாக நடத்தத் தொடங்கியது 1994-இல் வந்த "பால்மாஸ்" ஆல்பத்தில், கிட்டத்தட்ட 58 வயதில். டிரம்பெட்டில் பிரையன் லிஞ்ச், டிராம்போனில் கான்ராட் ஹெர்விக், சாக்ஸபோனில் டொனால்ட் ஹாரிசன். அதற்கு முன்பு 1966-இல் வைப்ரஃபோன் என்ற, உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியத்தின் கலைஞர் கால் ஜேடருடன் செய்த "எல் சொனீதோ நுவேவோ" உண்டு. 1995-இல் கிராமியில் லத்தீன் ஜாஸுக்குத் தனிப் பிரிவு வந்ததற்கு அவர் விடாமல் வாதாடியது ஒரு முக்கியக் காரணம். 2011-இல் அந்தப் பிரிவை எடுத்தபோது பாபி சனாப்ரியா போன்ற கலைஞர்கள் போராடினார்கள், மறு வருடம் திரும்ப வந்தது. இதெல்லாம் பெயர்ப்பலகை விவகாரம். கையைப் பார்த்தால் ஜாஸ் 1960-களிலிருந்தே இருக்கிறது. ஜாஸ் பியானோ கலைஞர்களான தெலோனியஸ் மங்கின் முரட்டு இடைவெளிகளையும், மெக்காய் டைனர் நான்காம் சுர இடைவெளியில் அடுக்கும் கார்டுகளையும் அவர் மொண்டூனோவுக்குள்ளேயே நுழைத்தார். கீழே கால் ஆடிக்கொண்டே இருக்கும், மேலே கார்டுகள் இருண்டு கொண்டே போகும். ஆட்டத்தை நிறுத்தாமல் இதைச் செய்தவர்கள் மிகச் சிலர். மேதைமை என்ற சொல்லை நான் பயன்படுத்தினால் இதற்காகத்தான் பயன்படுத்துவேன். விரல் வேகத்தில் அவரை மிஞ்சிய லத்தீன் பியானோ கலைஞர்கள் இருக்கிறார்கள், அதில் சந்தேகமே வேண்டாம்.

"சல்சா" என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு தாளத்துக்கும் சொந்தப் பெயர் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே குழம்பாகக் கலக்கி ஒரு பெயர் வைப்பது அவமரியாதை என்று நினைத்தார். நான் இங்கே அந்தச் சொல்லைப் போட்டது கப்பல் பழக்கத்தில். 2025 ஆகஸ்ட் 6 அன்று நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் தன் வீட்டில் காலமானபோது அவருக்கு 88 வயது.

கேட்பதற்கு என் வரிசை: முதலில் "அசூகார்", பதினாறு எண்ணி ஐந்து தட்டும் பயிற்சியோடு. தட்டு சரியாக உட்காரவில்லை என்றால் எட்டு எண்ணிக்கை தள்ளித் தொடங்குங்கள், நீங்களும் என்னைப் போலத் திருப்பிப் போட்டிருப்பீர்கள். பிறகு 1971-இன் "வாமொனோஸ் பால் மோன்டே". மலைக்குப் போவோம் என்று பொருள். அதில் ஆர்கன் வாசிப்பது அண்ணன் சார்லி, தம்பி கீழே மொண்டூனோவைப் பிடித்துக்கொண்டு அண்ணனுக்கு வழிவிடுகிறார். அடுத்து 1973-இன் "சென்தீதோ" ஆல்பத்தில் "அதொராசியோன்". பாட்டு தொடங்குவதற்கு முன் பியானோ தனியாக, தாளமே இல்லாமல், எங்கே போகிறது என்று தெரியாமல் அலையும். "உன் தீயா பொனீத்தோ"வின் தொடக்கமும் அப்படித்தான், அதைவிட நீளம். "பால்மாஸ்" கடைசியில். ஜாஸ் பழகியவர்கள் பெரும்பாலும் அதிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். ஆனால் உங்கள் புகாரே அந்த நாலு நோட்டின் மேல் என்பதால், அதை முதலில் காலில் வாங்கிக்கொண்ட பிறகு போனால்தான் அங்கே அவர் எதையெல்லாம் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார் என்பது காதில் விழும்.